கனடாக் கலியாணமும் நயாகராப் பயணமும்: ஸ்டியரிங்கைப் பிடிக்க முன்னர் ஒரு வார்த்தை



ஜூன், ஜூலை மாதங்கள் நெருங்கினால் எங்கள் கிளினிக்கில் ஒரு கேள்வி அடிக்கடி வரும். "டொக்டர், கனடாவில கலியாணம். மூன்று கிழமைக்குக் குளிசை எழுதித் தாங்கோ." எழுதிக் கொடுப்போம். சிலர் தடுப்பூசி வேண்டுமா என்று கேட்பார்கள். சிலர் விமானத்தில் நித்திரை வர ஏதாவது தரச்சொல்லுவார்கள். போய் இறங்கிய மறுநாள் நயாகராவுக்கு யார் கார் ஓட்டப் போகிறார்கள் என்று மட்டும் ஒருவரும் கதைப்பதில்லை. நாங்களும் பல வருடங்களாக அதைக் கேட்டதில்லை. 2014 ஆம் ஆண்டுக்குப் பிறகு கேட்கத் தொடங்கினோம். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

அந்த வருடம் ஜூன் மாதம் ரொறன்ரோவில் எங்கள் பெறாமகளின் கலியாணம். சிட்னியிலிருந்து வன்கூவருக்கு ஏறக்குறைய 14 மணி நேரம், அங்கே மூன்று மணி நேரக் காத்திருப்பு, பிறகு ரொறன்ரோவுக்கு இன்னொரு நாலரை மணி நேரம். வென்ற்வேர்த்வில்லில் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து ஸ்காபரோவில் சகலனின் வீட்டுக் கதவு திறக்கும்வரை கணக்குப் பார்த்தால் 28 மணி நேரத்துக்குக் கிட்ட. எங்களோடு பிள்ளைகள் இருவரும் 74 வயதான மாமியும் வந்தார்கள்.

கலியாணம் சனிக்கிழமை. நாங்கள் போய்ச் சேர்ந்தது புதன் இரவு. வீடு நிறைய ஆட்கள், பலகாரச் சூடு, மண்டபக் கணக்கு. சகலன் சொன்னார்: "தம்பி, நாளைக்கு இஞ்ச ஒரே வேலை. நீங்கள் நயாகராவைப் பார்த்திட்டு வாங்கோ. பிறகு நேரம் கிடைக்காது. வாடகை வானில உங்கட பெயரையும் போட்டிருக்கு." நல்ல மனத்தோடு சொன்னது. மறுக்க மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், மறுக்கவேண்டும் என்ற எண்ணமே வரவில்லை.

வியாழன் காலை புறப்பட்டோம். ஸ்காபரோவிலிருந்து நயாகரா ஏறக்குறைய 150 கிலோமீற்றர். போகும்போது பிரச்சினை இல்லை. நீர்வீழ்ச்சியைப் பார்த்தோம், நனைந்தோம், அக்கா கட்டித் தந்த சோறு கறியை ஒரு மரத்தடியில் இருந்து வயிறாரச் சாப்பிட்டோம். இரண்டு மணிக்குத் திரும்பும் வழியில் ஏறினோம். பதினைந்து நிமிடத்தில் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் நித்திரை. எங்கள் இருவரில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் இந்தப் பத்தியை எழுதுபவர்தான். பக்கத்தில் இருந்தவர் வழி பார்க்கவேண்டியவர். அவருக்கும் கண் சொருகிவிட்டது.

எங்களை எழுப்பியது பாதையோரத்தில் செதுக்கியிருக்கும் அந்தப் பள்ளங்களின் இரைச்சல்தான். வான் முழுக்க அதிர்ந்தது. "என்னப்பா, நித்திரை கொள்ளுறியளே!" என்ற சத்தமும் அந்த இரைச்சலும் ஒன்றாகக் கேட்டன. பக்கத்து ஒழுங்கையில் ஒரு பெரிய லொறி. வான் நேரே வந்துவிட்டது. அடுத்த வெளியேறும் பாதையில் இறங்கி, ஒரு கோப்பிக்கடை வாசலில் நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் இருந்தோம். பிள்ளைகள் எழும்பவே இல்லை. பிறகு சகலனின் மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவர் ஒரு நண்பரோடு வந்து வானை ஓட்டிக்கொண்டு போனார். கலியாண வீட்டில் "வான் கொஞ்சம் சூடாகிப் போச்சு" என்று சொன்னோம். அந்தப் பொய்யை இந்தப் பத்தியில்தான் முதல்முறையாகத் திருத்துகிறோம்.

உடம்பின் மணிக்கூடு

நடந்தது என்ன? ஜூன் மாதத்தில் சிட்னி ரொறன்ரோவைவிட 14 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே பிற்பகல் 2 மணி என்றால் இங்கே மறுநாள் விடியற்காலை 4 மணி. நாங்கள் கைக்கடிகாரத்தை வன்கூவரில் மாற்றிவிட்டோம். மூளைக்குள் இருக்கும் மணிக்கூட்டை அப்படித் திருகிவிட முடியாது. அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். வயது போகப் போக இன்னும் மெதுவாகும்.

கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். நாம் சிட்னியில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை நித்திரை கொள்ளுகிறவர்கள் என்றால், அது ரொறன்ரோவில் காலை 8 மணியிலிருந்து பின்னேரம் 4 மணிவரை. அதாவது ஊர் சுற்றிப் பார்க்கும் நேரம் முழுவதும் நமது உடம்புக்கு நடு இரவு. அதிலும் விடியற்காலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில்தான் உடல் வெப்பமும் விழிப்பும் ஆகக் கீழே இறங்கும். கனடாவில் அது மத்தியானச் சாப்பாடு முடிந்து காரில் ஏறும் நேரம்! மறுபக்கம், இரவு ஒரு மணிக்கு உட்கார்ந்து ஊர்க்கதை கதைக்கும்போது கண் பளிச்சென்று இருக்கும். "எனக்கு ஜெட் லாக் ஒன்றும் இல்லை" என்று பலர் ஏமாறுவது அந்த நேரத்தில்தான்.

இதோடு விமானத்தில் இழந்த நித்திரையும் சேர்கிறது. 1997 ஆம் ஆண்டு தென் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் நித்திரையிழப்பையும் மதுவையும் ஒப்பிட்டு நேச்சர் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கையும் கண்ணும் சேர்ந்து இயங்கும் திறன், இரத்தத்தில் 0.05 வீதம் மது உள்ளவரின் திறனுக்குச் சமமாகக் குறைந்திருந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது ஏறக்குறைய 0.10 வீதத்துக்குச் சமம். இந்த மாநிலத்தில் 0.05 என்றால் பொலிஸ் பிடிக்கும். கலியாண வீட்டில் ஒரு பெக் எடுத்தவரை வண்டி ஓட்ட விடமாட்டோம். விமானத்தில் இருந்து இறங்கியவரிடம் நாமே சாவியைக் கொடுக்கிறோம்.

நித்திரை தூங்கினால் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. மூன்று நான்கு செக்கன் மட்டும் மூளை அணைந்து திரும்ப எரியும். சிலவேளை கண்கூட முழுதாக மூடியிராது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 28 மீற்றர் போகிறோம். நான்கு செக்கனில் ஒரு உதைபந்தாட்ட மைதானத்தின் நீளத்தை ஓட்டுனர் இல்லாமல் கடந்துவிடுகிறோம்.

"நாங்கள் பார்க்காத முழிப்பா?"

நம்மவர்களிடம் இதைச் சொன்னால் ஒரு சிரிப்பு வரும். நியாயமான சிரிப்புத்தான். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, மழைக்குள், வலிகாமத்துச் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களில் நாங்களும் அடக்கம். ஒரு சில மைல் நடக்க விடியும்வரை எடுத்தது. அதற்கு முன்னர் கிளாலிக் கடலில் இருட்டுக்குள் வள்ளம் ஏறியவர்கள் இந்தச் சங்கத்தில் எத்தனையோ பேர். இங்கு வந்த பிறகும் இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்துவிட்டுப் பகலில் மருத்துவப் பரீட்சைக்குப் படித்தோம். நித்திரை முழிப்பது நமக்குப் பெரிய விடயமே இல்லை என்ற ஒரு பெருமை எலும்புக்குள் ஊறிவிட்டது. அன்று அந்த வானில் ஏறும்போது அந்தப் பெருமையும் சேர்ந்துதான் ஏறியது.

ஆனால் நாவற்குழியில் நாம் நடந்தோம். நடக்கிறவர் தூங்கி விழுந்தால் பக்கத்தில் வருபவர் கையைப் பிடிப்பார். அன்று பயத்தில் சுரந்த அட்ரினலினும் கண்ணை மூடவிடவில்லை. குளிரூட்டிய வானில், வயிறு நிறையச் சோற்றோடு, நேரான நெடுஞ்சாலையில் அது சுரக்காது. அன்று இருபத்தாறு வயது, இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டோம் என்பதும் சும்மா விடக்கூடிய விடயம் அல்ல.

அப்படியென்றால் எப்போது ஓட்டலாம்?

எங்கள் வீட்டு விதி இப்போது இதுதான்: இறங்கிய நாளும் அடுத்த இரண்டு நாட்களும் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. மூன்றாம் நாள் அல்லது நான்காம் நாள் வீட்டைச் சுற்றியுள்ள சிறு தெருக்களில், சன நடமாட்டம் குறைந்த நேரத்தில், அரை மணி நேரம் ஓடிப் பார்ப்போம். அதன் பிறகுதான் நெடுஞ்சாலை. அப்போதும் முந்திய இரவு ஆறேழு மணி நேரமாவது நித்திரை கொண்டிருக்கவேண்டும். ஐந்தாம் நாளிலும் உடம்பு முழுதாக மாறியிராது. அதனால் மத்தியானம் 1 மணியிலிருந்து 4 மணிவரை வண்டி நிற்கவேண்டும், நாங்கள் சாயவேண்டும். போன நாள் முதலே அந்த ஊர் நேரத்துக்குச் சாப்பிட்டு, பகலில் வெளி வெளிச்சத்தில் நடந்து திரிந்தால் உடம்பு கொஞ்சம் கெதியாகப் பழகும்.

நயாகராவை முதல் நாளே பார்க்கத்தான் வேண்டும் என்றால் பஸ் இருக்கிறது, ரொறன்ரோவிலிருந்து கோ ரயிலும் இருக்கிறது. அல்லது அங்கேயே பிறந்து வளர்ந்த மருமகன் ஒருவரைப் பிடியுங்கள்.

மொன்றியல் வேறு கதை. நெடுஞ்சாலை 401 வழியாக ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய 540 கிலோமீற்றர். "ஆறு மணித்தியாலம்தானே, காலமை போய் முருகன் கோயிலைக் கும்பிட்டிட்டு இரவே திரும்புவம்" என்று சொல்லும் துணிச்சல்காரர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். 2023 இல் நாங்கள் இரண்டாம் முறை போனபோது, மொன்றியலுக்கு ஏழாம் நாள்தான் புறப்பட்டோம். பாதி வழியில் கிங்ஸ்ரனில் ஒரு இரவு தங்கினோம். செலவு கூடத்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டுனரை மாற்றினோம். அந்தப் பாதையில் ஒன்ரூட் என்ற தரிப்பிடங்கள் இருப்பதால் நிறுத்த இடம் தேடி அலையவேண்டியதில்லை.

கண் எரிந்தால், கொட்டாவி தொடர்ந்து வந்தால், கடந்த ஐந்து நிமிடம் எப்படி ஓட்டினோம் என்று ஞாபகம் வராவிட்டால், உடனே நிறுத்தவேண்டும். கண்ணாடியை இறக்குவதும், இளையராஜாப் பாட்டைக் கூட்டிவிடுவதும், மிளகாய் வடையைக் கடிப்பதும் சில நிமிடங்களுக்கு மேல் உதவாது. உதவுவது நித்திரை மட்டும்தான். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு கோப்பியைக் குடித்துவிட்டு உடனே 15, 20 நிமிடம் சாய்ந்துகொள்ளுங்கள். கோப்பி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் எடுக்கும். எழும்பும்போது இரண்டின் பயனும் சேர்ந்து கிடைக்கும். இது கொஞ்ச நேரத்துக்குத்தான். இன்னும் மூன்று மணி நேரம் ஓடலாம் என்று அர்த்தம் இல்லை.

வலது பக்கம்

நாம் ஊரிலும் இடப்பக்கம், இங்கும் இடப்பக்கம். கனடாவில் வலம். நெடுஞ்சாலையில் இது பெரிய பிரச்சினை இல்லை. முன்னால் போகிறவரின் பின்னால் போகலாம். பிழை விடுவது வெறும் தெருவில், பெற்றோல் நிலையத்தில் இருந்து அல்லது கோயில் தரிப்பிடத்தில் இருந்து வெளியே வரும்போது. களைத்த மூளை பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடும். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் "வலம், வலம்" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. சமிக்ஞை விளக்கைப் போட நினைத்து மழை துடைப்பானைப் போடுவீர்கள். அது எல்லோருக்கும் நடப்பது.

ஒன்ராறியோவில் சிவப்பு விளக்கில் முழுதாக நிறுத்திவிட்டு வலப்பக்கம் திரும்பலாம், தடைப் பலகை இல்லாவிட்டால். மொன்றியல் தீவில் அது கூடாது. பாடசாலை பஸ் சிவப்பு விளக்கு மின்ன நின்றால், நடுவில் தடுப்பு இல்லாத தெருவில், எதிரே வருபவர்களும் நிற்கவேண்டும்.

டிசம்பர் விடுமுறையில் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வரி: பனியில் ஓட்டிப் பழகாத நாம் அங்கே ஓட்டவே வேண்டாம்.

குளிசைகள்

விமானத்தில் நித்திரைக்கென்று எடுக்கும் பல மருந்துகள் இறங்கிய பிறகும் உடம்பில் நிற்கும். தும்மலுக்கு எடுக்கும் பிரிற்றன், பெனர்கன், கனடாவில் வாந்திக்குக் கொடுக்கும் கிராவோல் எல்லாம் நித்திரை வரச்செய்பவை. எடுத்த அன்று ஓட்டவேண்டாம். மெலற்றோனின் அங்கே கடையில் வாங்கலாம், சிலருக்கு உதவும். அந்த ஊர் நேரப்படி படுக்கைக்குப் போகும்போது எடுப்பது, பகலில் அல்ல. வேறு குளிசைகள் எடுப்பவர்கள் முதலில் கேளுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனமாக வாசிக்கவேண்டிய பகுதி இது. மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. இன்சுலின் ஏற்றுபவர்களுக்கும், டயமைக்ரோன் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கும் இறங்கலாம். நேரம் மாறி, சாப்பாடு பிந்தி, பழைய நேரப்படி மருந்தைப் போட்டால் நெடுஞ்சாலையில் கை நடுங்கும். ஸ்டியரிங்கைப் பிடிக்க முன்னர் விரலில் குத்திப் பாருங்கள். இங்கே நாங்கள் சொல்லும் விதி "5க்கு மேல் என்றால்தான் ஓட்டலாம்" என்பது. கொழும்பில் இருந்து வந்த பெற்றோரின் பழைய கணக்கில் அது 90. இறங்கிவிட்டால் நிறுத்தி, இனிப்பு எடுத்து, 5க்கு மேல் ஏறிய பின்னரும் அரை மணி நேரமாவது பொறுக்கவேண்டும். இன்சுலினைக் கைப்பையில் கொண்டுபோங்கள். சரக்கறையில் உறைந்துவிடக்கூடும், வெய்யிலில் நிற்கும் காரிலும் பழுதாகும். சிட்னியில் இரவு 9 மணிக்கு ஏற்றும் நீண்டநேர இன்சுலின் ஜூன் மாதத்தில் ரொறன்ரோவில் காலை 7 மணிக்கு வரும். இதை ஆளுக்கேற்ப மாற்றவேண்டும் என்பதால், பயணத்துக்கு ஒரு மாதம் முன்னரே வைத்தியரிடம் போங்கள். விமான நிலையத்திலிருந்து தொலைபேசி எடுப்பவர்களும் உண்டு!

பலமாகக் குறட்டை விட்டு, பகலில் கதிரையிலேயே தூங்கி விழுபவர்களுக்கு நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோய் இருக்கலாம். அவர்கள் எந்த ஊரிலும் சோதித்துப் பார்க்காமல் நீண்ட தூரம் ஓட்டக்கூடாது. சீபாப் இயந்திரம் உள்ளவர்கள் பாரம் என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டாம்.

மாமியின் செருப்பு

கலியாணம் முடிந்து மூன்றாம் நாள் மாமி ஒரு காலில் மட்டும் செருப்பு இறுக்குது என்றார். அதுவும் எங்களிடம் அல்ல, பேரப்பிள்ளையிடம். "பயணக் களைப்புத்தானே, அவையள் கலியாண வீட்டில நிக்கினம், ஏன் கரைச்சல் கொடுப்பான்" என்று இரண்டு நாள் மறைத்திருக்கிறார். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தது. வைத்தியசாலையில் ஸ்கான் செய்தார்கள்: காலின் ஆழ்ந்த நாளத்தில் இரத்தக் கட்டி.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007 இல் சொன்னது, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தின் பின் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று. சுகதேகிகளுக்கு அது 6000 பேரில் ஒருவர் அளவில்தான். ஆனால் வயது, பருமன், அண்மைய சத்திரசிகிச்சை, புற்றுநோய், கர்ப்பம், முன்னர் கட்டி வந்தது எல்லாம் அதைக் கூட்டும். காரிலும் பஸ்ஸிலும் அசையாமல் இருந்தாலும் இதே கதைதான். மாமி 28 மணி நேரப் பயணம் முடிந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வானின் பின் ஆசனத்தில் இரண்டு மூட்டைகளுக்கு நடுவில் மடங்கியிருந்தார். அந்த இடத்தைக் கொடுத்ததும் நாங்கள்தான்.

எனவே விமானத்திலும் காரிலும் எழும்பி நடவுங்கள், கணுக்காலை ஆட்டுங்கள், தண்ணீர் குடியுங்கள். ஆபத்துக் கூடியவர்கள் அளவெடுத்த இறுக்கக் காலுறை பற்றியும் ஊசி பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள். விமானத்துக்கென்று மட்டும் அஸ்பிரின் போடத் தேவையில்லை. பயணத்தின் பின் சில வாரங்களுக்கு ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றே காட்டவேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால், அங்கே 911.

மாமிக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து மூன்று மாதம் கொடுத்தார்கள். திரும்பும் பயணம் இரண்டு கிழமை பிந்தியது. நமது மெடிகெயார் கனடாவில் செல்லாது. அவுஸ்திரேலியா பரஸ்பர ஒப்பந்தம் செய்துள்ள நாடுகளில் கனடா இல்லை. அவருடைய நீரிழிவையும் குருதி அமுக்கத்தையும் ஒளிக்காமல் எழுதிப் பயணக் காப்புறுதி எடுத்திருந்ததால் தப்பினோம். சொந்தக்காரரின் காரை ஓட்டுவதானால் அவருடைய காப்புறுதியில் உங்களுக்கு இடம் இருக்கிறதா என்பதையும் முதலே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

திரும்பி வரும் நாளுக்கும் இதே கணக்குத்தான். காலை சிட்னியில் இறங்கி, மூன்று கிழமையாக விமான நிலையத் தரிப்பிடத்தில் நின்ற சொந்தக் காரை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. மூளை வலப்பக்கத்துக்குப் பழகி இப்போதுதான் வந்திருக்கிறது. விமானத்தில் நித்திரையும் இல்லை. 2023 இல் எங்களை ஏற்ற மகன் வந்திருந்தார், 2014 இல் அந்த வானின் பின் ஆசனத்தில் நித்திரையாக இருந்தவர். பரமற்றா வருமுன்னரே நாங்கள் இருவரும் குறட்டை விட்டதாக இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்.